கூலின்னு தேடினா கொலை வருவது ஏன்?

தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டி என்டர் அடிக்கிறோம். அரை நொடியில் பதில் வந்துடுது. நாமே ஒரு தேடல் வசதியை எழுத உட்காரும்போதுதான் அதற்குள் எத்தனை சின்னச் சின்ன முடிவுகள் ஒளிஞ்சிருக்குன்னு தெரியும். அதில் முதல் முடிவு இதுதான்: ஒரு வரியை எந்த இடத்தில் வெட்டி, எதை ஒரு "தேடுசொல்" என்று எடுத்துக்கொள்வது? வெட்டி எடுக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் டோக்கன் என்று பெயர். அதற்குப் பெரும்பாலும் நாம் பயன்படுத்துற கருவி ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமா ரெஜெக்ஸ்.

ரெஜெக்ஸ் புதுசு இல்ல. ஸ்டீபன் க்ளீனி என்ற கணித அறிஞர் 1950-களில் நரம்பு வலைகளைப் பற்றி எழுதும்போது உருவாக்கிய குறியீடு அது. 1968-ல் கென் தாம்சன் அதை உரைத் தேடலுக்குக் கொண்டுவந்தார். அப்புறம் யூனிக்ஸின் கிரெப் கட்டளை வழியா எல்லார் கைக்கும் வந்துச்சு. ஆங்கிலத்தை மனசில் வச்சு வளர்ந்த கருவி என்பதால், தமிழ் என்று வரும்போது சில இடங்களில் காலை வாரிவிடும். எங்கே, எப்படி, என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு சின்ன ஏற்பாடு. ரெஜெக்ஸில் "சொல்லுக்குரிய எழுத்து" என்பதைக் குறிக்க பேக்ஸ்லாஷ் போட்டு டபிள்யூ எழுதுவோம் இல்லையா, அதை இங்கே "டபிள்யூ குறி" என்றே சொல்றேன்.

முதலில் எளிதான பகுதி: பயனர் தட்டியதைப் பிரிப்பது

ஒருவர் இப்படித் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"பொன்னியின் செல்வன்" கல்கி -திரைப்படம்

மேற்கோளுக்குள் இருப்பது சேர்ந்தே வரணும், கல்கி என்ற சொல் இருக்கணும், திரைப்படம் என்ற சொல் இருக்கக் கூடாது. இதை வெறுமனே இடைவெளி வரும் இடத்தில் வெட்டினால் "பொன்னியின் என்பது ஒரு துண்டு, செல்வன்" என்பது இன்னொரு துண்டு. மேற்கோளின் நோக்கமே போச்சு. தவறுதலா ரெண்டு தடவை ஸ்பேஸ் தட்டியிருந்தால் நடுவில் ஒரு காலித் துண்டும் வரும்.

அதனால் யோசனையைத் திருப்பிப் போடணும். "எங்கே வெட்டுவது" என்று கேட்காமல் "எதை எடுப்பது" என்று கேளுங்க. அதாவது ஸ்ப்ளிட் வேண்டாம், ஃபைண்ட்ஆல் போதும். பேட்டர்ன் இது:

-?"[^"]*"|[^ ]+

இடமிருந்து படிப்போம். -? என்றால் ஒரு கழித்தல் குறி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அடுத்து ஒரு மேற்கோள் குறி, அதற்குப் பின் மேற்கோள் அல்லாத எதுவும் எத்தனை வேண்டுமானாலும், பிறகு மூடும் மேற்கோள். நடுவில் உள்ள | குறி "அல்லது". அது பொருந்தாவிட்டால், இடைவெளி அல்லாத எழுத்துகளின் ஒரு தொடர். மேலே உள்ள வரிக்கு இது சரியா மூன்று துண்டுகள் தரும்.

இங்கே வரிசை முக்கியம். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றுமே "அல்லது" வரும்போது இடது பக்கத்தை முதலில் முயற்சி செய்யும். பொருந்திவிட்டால் வலது பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. [^ ]+ என்பதை முன்னால் போட்டால் அதுவே மேற்கோள் குறியையும் விழுங்கிடும். இரண்டாவது பாதிக்கு வேலையே வராது. குறிப்பானது முதலில், பொதுவானது கடைசியில். ரெஜெக்ஸில் "அல்லது" எழுதும்போதெல்லாம் இந்த வரிசையை ஒருமுறை சரிபாருங்க.

இன்னொன்று. சில ஃபோன் கீபோர்டுகளும் வேர்ட் போன்ற மென்பொருள்களும் நேர் மேற்கோளுக்குப் பதிலா “ ” என்ற வளைந்த மேற்கோளைப் போடும். கணினிக்கு இவை வேறு வேறு எழுத்துகள். பேட்டர்னை ஓட்டும் முன்னாடியே வளைந்ததையெல்லாம் நேர் மேற்கோளா மாத்திடுங்க. மேற்கோளை மூட மறந்தவர்களுக்கும் இந்தப் பேட்டர்ன் உடையாது. இரண்டாவது பாதி அதைச் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொள்ளும். முன்னால் ஒட்டியிருக்கும் ஒற்றை மேற்கோளை மட்டும் பிறகு நீக்கினால் போதும்.

இப்போ கூலிக்கு வருவோம்

அடுத்த வேலை, தேடப்படும் கட்டுரைகளையும் சொற்களாகப் பிரித்து இண்டெக்ஸ் செய்வது. பாடப் புத்தகத்திலும் இணையத்திலும் கிடைக்கும் முதல் விடை: டபிள்யூ குறி, பின்னாடி ஒரு பிளஸ். ஆங்கிலத்துக்கு அது ஜம்முனு ஓடும்.

பைத்தான் 3-ல் "தமிழ்" என்ற சொல்லுக்கு அதை ஓட்டிப் பாருங்க. வரும் விடை:

தம, ழ

இரண்டு துண்டு! இகரத்தின் கொக்கியும் இல்லை, புள்ளியும் இல்லை. இது பைத்தானின் பிழை இல்லை. அதன் ஆவணத்தில் சொன்னபடியே நடக்குது. காரணம் யூனிகோட் தமிழைச் சேமிக்கும் விதத்தில் இருக்கு.

யூனிகோடில் தமிழுக்கான இடம் 2944 முதல் 3071 வரை, மொத்தம் 128 கட்டங்கள். நம்ம 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கிடையாது. உயிரெழுத்துக்கு எண் உண்டு. க, ங, ச என்று அகரம் ஏறிய மெய்க்கு எண் உண்டு. கால், கொம்பு, சுழி போன்ற துணைக்குறிகளுக்கும் புள்ளிக்கும் தனி எண் உண்டு. மற்றதெல்லாம் சேர்க்கைதான். இலக்கணத்தில் க் என்ற மெய்யோடு அ சேர்ந்து க ஆகும். யூனிகோடில் நேர் எதிர்: க என்பதோடு புள்ளி சேர்ந்து க் ஆகும். ஆக "தமிழ்" என்பது கணினிக்கு ஐந்து எண்கள்:

2980 (த), 2990 (ம), 3007 (இகரக் குறி), 2996 (ழ), 3021 (புள்ளி)

ஒவ்வொரு எண்ணுக்கும் யூனிகோட் ஒரு வகையும் தருது. த, ம, ழ ஆகியவை "எழுத்து" வகை. இகரக் குறியும் புள்ளியும் "ஒட்டுக்குறி" வகை. பைத்தானின் டபிள்யூ குறி எழுத்து, எண், அடிக்கோடு இவற்றை மட்டுமே ஏற்கும். ஒட்டுக்குறியைப் பார்த்ததும் சொல் முடிஞ்சதுன்னு நினைச்சு வெட்டிடும்.

விளைவு என்ன தெரியுமா? கூலி, கேலி, காலி, கிலி, காலை, கொலை. இந்த ஆறு சொற்களுக்கும் விடை ஒன்றுதான்: க, ல. அப்படி இண்டெக்ஸ் செய்த தளத்தில் கூலி உயர்வு பற்றித் தேடுகிறவருக்குக் கொலைச் செய்தியும் வரும், காலை உணவுத் திட்டமும் வரும்.

ஜாவாஸ்கிரிப்டில் நிலைமை வேறு மாதிரி. அங்கே டபிள்யூ குறி ஆங்கில எழுத்துகள், 0 முதல் 9 வரையிலான எண்கள், அடிக்கோடு இவற்றுக்கு மட்டுமே. "தமிழ்" என்று கொடுத்தால் எதுவுமே கிடைக்காது. ஒரு விதத்தில் இது நல்லது; ஒண்ணுமே வரலன்னா உடனே கவனிப்போம். பைத்தானில் ஏதோ வருது, அதனால கவனிக்காம விட்டுடுவோம்.

ப்ராஜெக்ட் பண்றவங்க கவனத்துக்கு

தமிழ்ப் பட விமர்சனங்களையோ யூடியூப் கமெண்டுகளையோ எடுத்து, பாசிட்டிவா நெகட்டிவா என்று கணிக்கும் ப்ராஜெக்டை நம்மில் பலர் எடுப்போம். அதற்கு சைக்கிட்-லேர்ன் நூலகத்தின் கவுன்ட்வெக்டரைசரை அப்படியே போடுவோம். அதற்குள்ளேயும் ஒரு ரெஜெக்ஸ் இருக்கு. இயல்பு அமைப்பில் அது டபிள்யூ குறியை வைத்துத்தான் பிரிக்கும், அதோடு குறைஞ்சது இரண்டு எழுத்து நீளம் இருந்தால்தான் ஏற்கும்.

தமிழில் இது என்ன செய்யும்னு கையாலேயே கணக்குப் போடலாம். "பிடிக்கும்" என்ற சொல் ப, ட, க, க, ம என ஒற்றை ஒற்றையா உடையும். எல்லாமே ஓரெழுத்து, அதனால் சொல் முழுசாவே காணாமல் போகும். "பிடிக்கவில்லை" என்பதில் மிஞ்சுவது "கவ" மட்டும். "கவிதை" என்பதிலும் மிஞ்சுவது அதே "கவ". ஆக நம்ம மாடலுக்குப் பிடிக்கவில்லை என்பதும் கவிதையும் ஒரே சொல். பிடிக்கும் என்ற சொல் உலகத்திலேயே இல்லை.

எர்ரர் எதுவும் வராது. ட்ரெயினிங் ஓடும், ஒரு அக்யூரசி எண்ணும் வரும். அந்த எண் குறைவா இருந்தால் டேட்டா போதலன்னு நினைச்சு மாடலை மாத்துவோம், லேயரைக் கூட்டுவோம். பிரச்சினை முதல் படியிலேயே நடந்துமுடிஞ்சிருக்கும். அதனால் எந்த டோக்கனைசரைப் பயன்படுத்தினாலும், முதல் ஐம்பது டோக்கன்களைத் திரையில் அச்சிட்டுக் கண்ணால் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை.

ஆண்ட்ராய்டு ஆப் செய்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5 தேடலில் உள்ள யூனிகோட்61 டோக்கனைசரும் இயல்பாக ஒட்டுக்குறி வகையைச் சொல்லுக்குள் சேர்க்காது. எந்தெந்த வகைகளைச் சேர்க்கணும் என்று சொல்ல அதிலேயே ஒரு விருப்பம் இருக்கு. அதில் ஒட்டுக்குறிகளையும் சேர்த்தால் சரியாகிடும்.

சொல் எல்லையும் நம்பக்கூடாது

முழுச் சொல் மட்டும் வேணும் என்றால் பேக்ஸ்லாஷ் பி என்ற எல்லைக் குறியை இரண்டு பக்கமும் போடுவது வழக்கம். பைத்தானில் அதுவும் டபிள்யூ குறியை நம்பியே இருக்கு. ஒட்டுக்குறி வந்தாலே அங்கே எல்லை என்று நினைக்கும். "பல" என்ற சொல்லை மட்டும் தேடினால் பல், பலா, பலி, பலூன் எல்லாவற்றுக்குள்ளும் பொருந்தும். ஆனால் "பலம்" என்பதில் பொருந்தாது, ஏன்னா ல-வுக்கு அடுத்து வருவது ம என்ற எழுத்து. சிலதில் சரி, சிலதில் தப்பு. இந்த மாதிரிப் பிழையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

தீர்வு

வழி ஒன்று: எதைச் சேர்ப்பது என்று சொல்லாமல் எதை விலக்குவது என்று சொல்வது.

[^ .,;:!?"()]+

இடைவெளியும் நிறுத்தக்குறிகளும் அல்லாத எல்லாம் சொல்லின் பகுதி. ஒட்டுக்குறி தானாகவே உள்ளே வந்துடும். புது வரி, டேப் இவையும் வெட்டணும் என்றால் ஸ்பேஸுக்குப் பதிலா பேக்ஸ்லாஷ் எஸ் போடுங்க. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கவுன்ட்வெக்டரைசர் எல்லாவற்றிலும் இது ஓடும். குறை என்னன்னா, எமோஜி, வளைந்த மேற்கோள், நீள்கோடு என்று நாம் பட்டியலில் எழுத மறந்ததெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

வழி இரண்டு: யூனிகோட் வகையைப் பெயர் சொல்லிக் கேட்பது. பேக்ஸ்லாஷ் பி, அதற்குப் பின் நெளிவு அடைப்புக்குள் எல் என்றால் எழுத்து, எம் என்றால் ஒட்டுக்குறி, என் என்றால் எண். மூன்றையும் ஒரு சதுர அடைப்புக்குள் போட்டு பிளஸ் வைத்தால் தமிழ் மட்டுமல்ல, இந்தி, மலையாளம் போன்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஜாவாவில் இது நேரடியா உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் 2018 முதல் உண்டு, யு என்ற கொடியைச் சேர்க்கணும். பைத்தானோடு வரும் மாட்யூலில் இது இல்லை. ரெஜெக்ஸ் என்ற பெயரிலேயே இருக்கும் தனி மாட்யூலை இன்ஸ்டால் செய்யணும்.

புள்ளியும் காற்புள்ளியும்

மேலே உள்ள பேட்டர்ன் உ.வே.சா. என்பதை உ, வே, சா என்று மூன்றாக்கிடும். 1,00,000 என்பதும் மூன்று துண்டாகும். உ.வே.சா.வைத் தேடுகிறவருக்கு "சா" என்ற துண்டு எந்த உதவியும் செய்யாது. எண்ணை முதலில், சொல்லை அடுத்து வைத்து இப்படி எழுதலாம்:

[0-9]+(?:[.,][0-9]+)*|[^ .,;:!?"()]+(?:\.[^ .,;:!?"()]+)*

புள்ளிக்கு இரண்டு பக்கமும் எழுத்து இருந்தால் அது சொல்லின் பகுதி. கடைசியில் நிற்கும் புள்ளி வெளியே. உ.வே.சா. ஒரே துண்டாக வரும், 1,00,000 முழுசா வரும். வாக்கியம் முடிஞ்சு இடைவெளி விடாமல் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியிருந்தால் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொள்ளும். 5ஜி என்பது 5, ஜி என்று பிரியும். எல்லாத்தையும் திருப்திப்படுத்தும் பேட்டர்ன் கிடையாது. உங்கள் டேட்டாவில் எது அதிகம் என்று பார்த்து முடிவெடுங்க.

அடைப்புக்குள் ?: போட்டிருப்பதைக் கவனிச்சீங்களா? அது இல்லாவிட்டால் பைத்தானின் ஃபைண்ட்ஆல் முழுச் சொல்லைத் தராமல் அடைப்புக்குள் பொருந்தியதை மட்டும் தரும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

"கொ" என்பதை க-வோடு 3018 என்ற ஒரே ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு (3014), கால் (3006) என்று இரண்டு குறிகள் சேர்த்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ரெஜெக்ஸுக்கு இரண்டும் வேறு. பிரிப்பதற்கு முன் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிடும். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அது ஒரு வரிதான்.

ஆனால் ஔவையார் பிரச்சினை அதில் தீராது. பலர் ஔ என்ற உயிருக்குப் பதிலா ஒ, ள என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டி "ஒளவையார்" என்று எழுதுவார்கள். அது வேறு எழுத்துகள் என்பதால் இயல்பாக்கம் தொடாது. ஒள என்று வரும் இடத்தையெல்லாம் மாத்தினால் ஒளி கெட்டுப்போகும். "ஒளவை" என்று வரும்போது மட்டும் "ஔவை" என்று மாத்தும் ஒரு தனி விதி போதும்.

தொல்காப்பியரிடம் ஒரு ரெஜெக்ஸ்

"சென்னைக்குச் சென்றேன்" என்ற வரியில் நமக்குக் கிடைக்கும் டோக்கன் "சென்னைக்குச்". "அந்தப் படம்" என்பதில் "அந்தப்". வல்லினம் மிகுவதால் வந்த ஒற்று அது. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடியாது. சொல்லுக்கு இறுதியில் வரும் மெய்களைத் தொல்காப்பியம் பட்டியலிடும்போது வல்லினத்தில் ஒன்றும் அதில் இல்லை. ஆகவே டோக்கனின் கடைசியில் இவை வந்தால் பெரும்பாலும் சந்திதான், வெட்டிடலாம்:

(க்|ச்|த்|ப்)$

கடன்சொற்கள்தான் இங்கே இடிக்கும். யூடியூப் என்பது யூடியூ ஆகிடும். தேடுபவர் தட்டிய சொல்லையும் இதே விதிவழி அனுப்பினால் இரண்டு பக்கமும் யூடியூ ஆகி, பொருந்திடும். பைக் என்பதும் பை என்பதும் ஒன்றாகிடுவதைத் தவிர்க்க ஒரு விதிவிலக்குப் பட்டியல் வேணும். இண்டெக்ஸ் செய்யும் உரை, தேடும் சொல் இரண்டும் ஒரே பாதையில், ஒரே வரிசையில் போகணும் என்பதை மட்டும் மறக்காதீங்க.

வேற்றுமை உருபுகளில் ரெஜெக்ஸின் எல்லை தெரிய ஆரம்பிக்கும். மதுரை, மதுரையில், மதுரைக்கு எல்லாம் "மதுரை" என்ற தொடக்கத்தை வைத்தே கிடைக்கும். மரம் என்பது மரத்தில் என்று மாறுவதால் தொடக்கம் "மர" என்றாகிறது. அப்படித் தேடினால் மரபும் வரும், ர-வோடு குறி சேர்ந்த மருந்தும் மரியாதையும் வரும். இதற்கு இலக்கணம் தெரிந்த வேர்ச்சொல் பிரிப்பான் தேவை. ரெஜெக்ஸை நீட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

நீட்டினால் என்ன ஆகும்?

2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் முடங்கியது. காரணம் ஒரு சின்ன ரெஜெக்ஸ். வரியின் கடைசியில் உள்ள வெற்றிடங்களை நீக்கும் வேலை அதற்கு. சாரம் இவ்வளவுதான்: இடைவெளி, பிளஸ், வரி முடிவுக் குறி. ஒரு பதிவின் ஒரு வரியின் நடுவில் சுமார் 20,000 வெற்றிடங்கள் இருந்தன, அதற்குப் பின் வேறு எழுத்து. முதல் வெற்றிடத்தில் தொடங்கி 20,000-ஐயும் தாண்டிப் போய், வரி முடியவில்லை என்று பார்த்து, இரண்டாவது வெற்றிடத்தில் மறுபடி தொடங்கி... மொத்தம் சுமார் 20 கோடி முறை சரிபார்ப்பு. அந்தப் பதிவு முகப்புப் பக்கத்தில் இருந்ததால் தளமே நின்றது.

தேடல் பெட்டி என்பது யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் தட்டக்கூடிய இடம். அதனால் வரும் உரையின் நீளத்துக்கு ஒரு வரம்பு வையுங்க. பிளஸுக்குள் பிளஸ், நட்சத்திரத்துக்குள் நட்சத்திரம் வரும் இடங்களில், உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே எழுத்தை விழுங்க முடியுமா என்று பாருங்க. மேலே நாம் எழுதிய பேட்டர்னில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளியோ காற்புள்ளியோ கட்டாயம் தேவை; அதனால் அங்கே ஆபத்து இல்லை.

கடைசியா, உங்கள் நிரலுக்கு ஒரு சோதனை வரி. இதைக் காப்பி செய்து ஓட்டிப் பாருங்க:

கூலி கொலை காலை பல பலா உ.வே.சா. 1,00,000 ஔவையார் அந்தப் யூடியூப்

பத்துச் சொற்கள் இருக்கு. பத்து டோக்கன் வரணும். அதில் கூலியும் கொலையும் வேறு வேறாக இருக்கணும். வந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.